அறுபதாயிரம் ரூபாய்ப் பெட்டி

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஏழு மாதம் ஒரு பொட்டலம் இருந்தது. பழைய சுங்குடிச் சேலையில் சுற்றி, நாடா போட்டுக் கட்டியிருந்தேன். வீடு பெருக்கும்போது துடைப்பம் அதில் இடிக்கும். யாராவது வந்து கட்டிலில் உட்கார்ந்தால் குதிகாலில் இடிக்கும். “என்னம்மா இது, தையல் மெஷினா?” என்று கேட்பார்கள். நான் பதில் தேடுவதற்குள் அத்தை சொல்லிவிடுவார்: “அதுவா? அது அறுபதாயிரம் ரூபாய்ப் பெட்டி.”

அந்தப் பெட்டி ஒரு சைக்கிள். மடித்தால் பெட்டி, விரித்தால் சைக்கிள். என் நாற்பத்து மூன்று வயதில், யாரையும் கேட்காமல், எனக்காக மட்டுமே நான் வாங்கிய முதல் பெரிய பொருள். அது எனக்குச் சரிப்படவில்லை என்பது வாங்கிய மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. சைக்கிளைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அந்த ஓராண்டைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையம் ஒன்றரை கிலோமீட்டர். நுங்கம்பாக்கத்தில் இறங்கினால் நான் வேலை பார்க்கும் தணிக்கை அலுவலகம் இரண்டு கிலோமீட்டர். நடுவில் பத்து ஸ்டேஷன் தூரத்தை மின்சார ரயில் அரைமணி நேரத்தில் கடந்துவிடும். அதில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. லேடீஸ் கம்பார்ட்மெண்டில் பதினெட்டு வருடப் பழக்கம். அங்கேதான் பூ கட்டுவோம், கீரை ஆய்வோம், பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கு அழுவோம், சீட்டுப் பிடிப்போம். சிக்கல் எல்லாம் அந்த இரண்டு முனைகளில்தான்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் பெட்டியில் பலருக்கு அது மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம். எங்கள் அலுவலகத் தெருவுக்கோ பேருந்தே கிடையாது. ஆட்டோக்காரர்கள் இரண்டு கிலோமீட்டருக்கு வரமாட்டார்கள், வந்தால் நூறு ரூபாய். மிச்சம் இருப்பது ஷேர் ஆட்டோ. அதில் மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆளாக ஒடுங்கி உட்கார்ந்து, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரின் முழங்கை எங்கே வருகிறது என்று கவனித்துக்கொண்டே போவதை இதைப் படிக்கும் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த முழங்கையைத் தள்ளிவிட ஊக்கு வைத்திருந்தேன். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஊக்கு. இருபது வயதில் இதெல்லாம் கோபம் தந்தது, முப்பதில் பழகிப்போனது, நாற்பதில் அலுத்துவிட்டது.

2022 மார்ச்சில் ஒரு நாள், ஆண்டு இறுதிக் கணக்கு வேலை முடிந்து இரவு ஒன்பதரைக்கு அலுவலகத்தை விட்டு வெளியே வந்தேன். ஷேர் ஆட்டோ இல்லை. நடந்தேன். பைக்கில் ஒருவன் என் நடைக்கு ஏற்றபடி மெதுவாக ஓட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசல்வரை வந்தான். எதுவும் செய்யவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, வந்தான், அவ்வளவுதான். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் கால்கள் நடுங்குவதைப் பார்த்தேன். ஒரு சைக்கிள் இருந்திருந்தால் எட்டு நிமிடத்தில் வந்திருப்பேனே என்று அன்றுதான் முதலில் தோன்றியது.

மடிப்பு சைக்கிள் என்று ஒன்று இருப்பதை அலுவலகத்துப் பையன் ஒருவன் செல்போனில் காட்டினான். லண்டனில் 1970-களில் ஆண்ட்ரூ ரிட்சி என்பவர் தன் குடியிருப்பிலேயே உட்கார்ந்து வடிவமைத்த பிராம்ப்டன் சைக்கிளின் படம் அது. அங்கே கோட்டு போட்ட ஆட்கள் அதைப் பெட்டிபோல மடித்து ரயிலில் வைத்துக்கொள்கிறார்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஓட்டு, மடி, ரயிலில் ஏற்று, இறங்கி விரி, அலுவலகத்துக்கு ஓட்டு. என் இரண்டு முனைகளும் ஒரே பொருளில் முடிந்துவிட்டன. அதே பாணியில் பதினாறு அங்குலச் சக்கரம் வைத்த ஒரு வண்டி இங்கேயும் கிடைத்தது. விலை 56,500 ரூபாய்.

எங்கள் ரயில் பெட்டியில் முப்பது பெண்கள் சேர்ந்து மாதம் இரண்டாயிரம் போடும் குலுக்கல் சீட்டு நடத்துகிறோம். அந்த ஆகஸ்டில் என் பெயர் விழுந்தது. அறுபதாயிரம். வீட்டில் அந்தப் பணத்துக்கு ஏற்கனவே வேலை இருந்தது: மகனின் கல்லூரி விடுதிக் கட்டணம் இல்லையென்றால் குளியலறைக்கு டைல்ஸ். இரண்டில் எது என்பதுதான் பேச்சு. நான் ஒரு சனிக்கிழமை மதியம் கடைக்குப் போய், சைக்கிள், ஹெல்மெட், பூட்டு, முன் விளக்கு எல்லாமாக அறுபதாயிரத்தையும் அங்கேயே முடித்துவிட்டு வந்தேன்.

“இந்தக் காசுக்கு செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டியே வாங்கிருக்கலாம்” என்றார் இணையர். “பொம்பளப் பிள்ளை ஏழு வயசுல ஓட்டுற சைஸ்ல இருக்கு” என்றார் அத்தை. மகன் மட்டும் மூன்று முறை மடித்து விரித்துப் பார்த்துவிட்டு, “சூப்பர்மா” என்றான்.

முதல் ஆறு வாரங்கள் நன்றாகவே இருந்தன, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். காலை ஏழரைக்கு தெருவில் வெயில் ஏறாத நேரம். முகத்தில் காற்று படுவதை எவ்வளவு நாளாக மறந்திருந்தேன்! ஷேர் ஆட்டோ ஸ்டாண்டைக் கடக்கும்போது, ‘ஏறும்மா, ஏறும்மா’ என்ற குரலுக்கு மணி அடித்துவிட்டுப் போவேன். ஒரு முழங்கையும் இல்லை, ஊக்கும் இல்லை. மார்ச்சில் என் பின்னால் ஒருவன் வந்த அதே சாலையில் இரவு எட்டு மணிக்கு என் வேகத்தில் போனேன். அந்த ஆறு வாரத்துக்காகவே இன்றும் நான் அந்தச் சைக்கிளை முழுக்க வெறுக்க முடிவதில்லை.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

முதலில் எடை. கடைக்காரர் “பன்னிரண்டரை கிலோதான் மேடம், லைட் வெயிட்” என்றார். கடையின் வழவழப்பான தரையில் ஒரு கையால் தூக்கிக் காட்டினார். என்னிடம் கைப்பை உண்டு, சாப்பாட்டுக் கூடை உண்டு, தண்ணீர் பாட்டில் உண்டு. இவற்றோடு பன்னிரண்டரை கிலோவை எடுத்துக்கொண்டு நடைமேம்பாலப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை. பாதியில் நின்று மூச்சு வாங்கினால் பின்னால் வருபவர்கள் முட்டுவார்கள். மாதவிடாய் நாட்களில் அந்தப் படிகளைப் பார்த்தாலே அடிவயிறு இழுக்கும். விளம்பரப் படத்தில் அதைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி ஏறிய ஆளின் கையில் வேறு எதுவுமே இல்லை என்பதை நான் பிறகுதான் போய்ப் பார்த்தேன். வீட்டை முதுகில் சுமந்துகொண்டு வேலைக்குப் போகாத ஒருவருக்காகச் செய்த பொருள் அது.

அடுத்தது உடை. அதில் செயின் கவர் இல்லை, பின்சக்கரத்துக்கு மறைப்பு இல்லை, பின்னால் கேரியர் இல்லை. நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டு மறைப்பு வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சேலை கார்டு என்று நாம் சொல்வது அதைத்தான். எத்தனை பெண்களின் கழுத்தை அது காப்பாற்றியிருக்கும்! நம்மூர் சாதாரண லேடீஸ் சைக்கிளிலும் செயின் கவரும் கேரியரும் கேட்காமலே வரும். என் அறுபதாயிரம் ரூபாய் வண்டியில் கிடையாது. எடை கூடிவிடுமாம். செப்டம்பரில் ஒருநாள் என் துப்பட்டா செயினில் சிக்கியது. வேகமில்லாததால் கழுத்து தப்பியது. நடுரோட்டில் குனிந்து துப்பட்டாவைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் வெளியே வந்தேன். நான்கு ஆண்கள் சுற்றி நின்று, சைக்கிள் எவ்வளவு என்று கேட்டார்கள்.

மூன்றாவது சாலை. சின்னச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் பெரிய சக்கரம்போல ஏறி வெளியே வராது. உள்ளே இறங்கி நின்றுவிடும், நாம் முன்னே போய்விடுவோம். லண்டனில் எப்படியோ தெரியாது, ஐப்பசி மழையில் சென்னைச் சாலையில் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த மழைக்காலத்தில் இரண்டு முறை விழுந்தேன். இரண்டாம் முறை மணிக்கட்டு வீங்கிப் பத்து நாள் கட்டுப் போட்டேன். வீட்டில் ‘ஆபீஸ் படியில் வழுக்கிட்டேன்’ என்றேன். என் முதல் பொய் அது.

நான்காவதுதான் எனக்கு அதிகம் வலித்தது. காலை எட்டரை மணி லேடீஸ் கம்பார்ட்மெண்டில் கால் வைக்க இடமிருக்காது. மடித்த சைக்கிள் ஒரு ஆள் நிற்கிற இடத்தை எடுத்துக்கொள்ளும். என் சீட்டுத் தோழிகள் முதல் வாரம் ஆசையாகத் தொட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் வாரம் ஒருவர் காலில் பெடல் கிழித்தது. அப்புறம் நான் ஏறும்போது பேச்சு சற்று நிற்கும். ஒருநாள் பல்லாவரத்தில் ஏறிய கர்ப்பிணிப் பெண் ஒருவர் என் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்றபடி வந்தார். அன்று எனக்கு நினைவு வந்தது: முருங்கைக்காய்க் கூடையோடு இதே பெட்டியில் ஏறும் அக்கா ஒருவரை, “வெண்டார் பெட்டியில ஏற வேண்டியதுதானே, இங்க ஏன் வந்து இடத்தை அடைக்கிறே?” என்று நாங்கள் எத்தனை முறை விரட்டியிருக்கிறோம்! வெண்டார் பெட்டியில் ஆண்கள் கூட்டம், அதனால்தான் அவர் இங்கே வருகிறார் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. அவருடைய கூடையைப் பாரம் என்றோம், என்னுடையதைச் சைக்கிள் என்று சொல்லிக்கொண்டேன். அந்த அக்கா ஒருநாள் என்னைப் பார்த்து, “இதுக்கு எவ்ளோம்மா வாடகை?” என்றார். கேலியா, உண்மையாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. எனக்கு முகம் சுட்டது.

டிசம்பரில் கண்ணாடித் துண்டு ஏறி பின் டயர் கிழிந்தது. எங்கள் தெருமுனை சைக்கிள் கடை அண்ணன் குழந்தைகள் சைக்கிளின் பதினாறு அங்குல டயரை எடுத்துப் போட்டுப் பார்த்தார். பொருந்தவில்லை. இரண்டுக்கும் பெயர் பதினாறு அங்குலம்தான். ஆனால் டயர் உட்காரும் விளிம்பின் விட்டம் குழந்தைகள் சைக்கிளில் 305 மில்லிமீட்டர், இதில் 349. “இது நம்ம ஊர் சைஸ் இல்லம்மா” என்றார் அண்ணன். வாங்கிய கடையில் ஆர்டர் போட்டு, வந்து சேர மூன்று வாரம்.

ஜனவரியில் ஃபிரேமை மடிக்கும் கீலில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஓட்டும்போது நடுவில் ஒரு ஆட்டம். நம்மைத் தாங்குகிற இடமே அதுதான் என்பதால் பயம் வந்துவிட்டது. கடைக்குப் போனேன். உத்தரவாதம் ஃபிரேமுக்கு மட்டும்தானாம். கீலும் தாழ்ப்பாளும் தேய்மானக் கணக்கில் வருமாம். இருபது ஆண்டாக தேய்மானக் கணக்கு போட்டுப் பிழைக்கிற என்னிடம் அந்தப் பையன் தேய்மானம் என்றால் என்னவென்று விளக்கினான். பில்லில் என் பெயர்தான் இருந்தது. ஆனாலும், “சார் வந்தார்னா நான் டெக்னிக்கலா எக்ஸ்பிளெய்ன் பண்ணிடுவேன் மேடம்” என்றான்.

இங்கே எந்தப் புத்திசாலியும் செய்வது என்ன? ‘இது சரிவரவில்லை, வந்த விலைக்குக் கொடுத்துவிடலாம்’ என்று வீட்டில் சொல்வது. நான் செய்தது வேறு. தினமும் காலையில் எல்லோரும் பார்க்க சைக்கிளை விரித்து, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, தெரு முனைவரை ஓட்டிப் போவேன். முனை திரும்பியதும் இறங்கி, மடித்து, ஆட்டோ பிடித்து, அதில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவேன். ஸ்டேஷன் பக்கத்துத் தையல்கடை அக்காவிடம் அதை விட்டுவிட்டு ரயில் ஏறுவேன். மாலையில் இதையே திருப்பிப் போட்டுச் செய்வேன். இப்படி இரண்டரை மாதம். ஆட்டோவுக்கும் தையல்கடை அக்காவுக்குமாக மாதம் மூவாயிரத்துக்கு மேல் போனது. எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன்? எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் ஒரு டிரெட்மில் இருக்கிறது. 2017-இல் இணையர் வாங்கியது. பதினோரு நாள் ஓடினார். இப்போது அதில் அவருடைய பனியன்கள் காய்கின்றன. அவர் நண்பர் சொன்னார் என்று ஒரு நிலத்துக்கு முன்பணம் கொடுத்து இழந்ததும் உண்டு. கொழுந்தனார் பங்குச் சந்தையில் விட்டதை எந்த நல்லது கெட்டதிலும் யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும், “விடு, அவனுக்கு ஒரு அனுபவம்” என்று முடிந்துவிடும். ஆண்கள் விட்ட காசுக்கு எங்கள் குடும்பத்தில் அனுபவம் என்று பெயர். பெண் விட்ட காசுக்கு அப்படிப் பெயர் இல்லை. அது அடுத்த முறை அவள் வாய் திறக்கும்போது எடுத்துக் காட்டுவதற்காகப் பத்திரமாக வைக்கப்படும் பொருள். மிக்ஸி வாங்குவதிலிருந்து மகனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பது வரை, ‘அறுபதாயிரத்துக்குச் சைக்கிள் வாங்கின ஆள்தானே’ என்று ஒரு வரி காத்திருக்கும். அந்த வரிக்குப் பயந்துதான் நான் தெருமுனைவரை ஓட்டினேன்.

ஏப்ரலில் தையல்கடை அக்கா ஊருக்குப் போனார். சைக்கிளை வைக்க இடமில்லை. ‘வெயில் அதிகம், மழை வந்தா எடுத்துக்கிறேன்’ என்று சொல்லிச் சேலையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்த மழைக்காலம் வந்தும் எடுக்கவில்லை. அத்தைக்கு எல்லாம் புரிந்திருந்தது. பெட்டி என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். களத்துமேட்டிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் கல் உடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் எல்லோரும் சைக்கிள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். அதில் அம்மாவும் ஒருவர். அன்று அவருக்கு முப்பத்து மூன்று வயது. எனக்குப் பன்னிரண்டு.

அம்மா பழகியது வாடகை சைக்கிளில். பிறகு வங்கிக் கடனில் சொந்தமாக ஒன்று வாங்கினார். லேடீஸ் சைக்கிள் அல்ல, ஆண்கள் ஓட்டுகிற பெரிய சைக்கிள். லேடீஸ் சைக்கிளுக்குக் கடைகளில் தட்டுப்பாடு. தவிர, ஆண்கள் சைக்கிளில் நடுவில் பார் இருக்கும், அதில் தம்பியை உட்கார வைக்கலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க்குடம், முன்னால் தம்பி, நடுவில் புடவையைத் தூக்கிச் செருகிய அம்மா. அந்தச் சைக்கிளைப் பற்றி நான் கல்லூரியிலும் அலுவலக மகளிர் தின விழாக்களிலும் பலமுறை பெருமையாகப் பேசியிருக்கிறேன். அதனாலேயே என் சைக்கிள் தோல்வியை அம்மாவிடம் சொல்ல இன்னும் கூச்சம். அவர் குடத்தோடு ஓட்டினார். என்னால் ஒரு டிபன் கூடையோடு தூக்க முடியவில்லை.

2023 ஐப்பசியில் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தபோது கட்டிலில்தான் உட்கார்ந்தார். குதிகால் இடித்தது. நானே வெளியே இழுத்து, அவிழ்த்து, விரித்துக் காட்டினேன். அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கட்டு, துப்பட்டா, மணிக்கட்டு, டயர், தையல்கடை, ஆட்டோ எதையும் விடவில்லை. அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சைக்கிளு நம்மளத் தூக்கணும். நம்ம சைக்கிளத் தூக்கணும்னா அது எதுக்கு?” என்றார்.

சிரித்துவிட்டேன். பிறகு அம்மா சொன்னது எனக்கு அதுவரை தெரியாத கதை. அவருடைய சைக்கிளை அவர் ஓட்டியது எட்டு மாதம்தான். அப்பாவுக்கு நான்கு மைல் தள்ளி ரைஸ்மில்லில் வேலை கிடைத்தது. ‘ஆம்பள நடந்து போறதா?’ என்று பாட்டி சொன்னாராம். அதற்குப் பிறகு சைக்கிள் அப்பாவுடையது. அம்மா பழையபடி குடத்தை இடுப்பில் தூக்கினார். ஆனால் வங்கிக் கடன் அம்மாவின் பெயரில். களையெடுத்த கூலியிலிருந்து மாதாமாதம் கட்டித் தீர்த்தது அவர்தான்.

“நீ கேக்கலையா அம்மா?”

“என்னத்த கேக்க? அறிவொளி அக்காங்கள்லாம் வந்து போட்டோ புடிச்சாங்க. ‘இவங்க சைக்கிள்ல போற பொம்பள’ன்னு ஊரே சொல்லுது. நான் போய் ‘என்கிட்ட இப்ப சைக்கிளு இல்ல’ன்னா நல்லாவா இருக்கும்?”

முப்பது ஆண்டுகளாக நான் மேடைகளில் பேசியது எட்டு மாதத்தை. அந்த எட்டு மாதம் பொய்யல்ல. பல்லாயிரம் பெண்களுக்கு அந்த இயக்கம் கொடுத்தது அவர்களிடமே நின்றது என்பதும் பொய்யல்ல. பின்னாளில் தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்தபோது, அதை ஓட்ட அவர்களுக்கு யாரும் தைரியம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் பெருமைக் கதைக்குள் ஒரு பெண் மாட்டிக்கொண்டால், தன் ஏமாற்றத்தைச் சொல்ல அவளுக்கு இடமே இல்லாமல் போகிறது. ‘சுதந்திரமான பெண்’ என்று மற்றவர்கள் சொல்லிவிட்ட பிறகு, அந்தப் பெயரைக் காப்பாற்றுவதும் வீட்டு வேலைகளில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. அம்மா கடன் கட்டினார். நான் ஆட்டோவுக்குக் கட்டினேன்.

எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. நட்டம் என்று தெரிந்தால் அதைத் தெரிந்த ஆண்டிலேயே கணக்கில் எழுதிவிட வேண்டும். நட்டம் குற்றமல்ல. அதை மறைத்து, சொத்துப் பட்டியலில் பழைய விலையிலேயே காட்டிக்கொண்டிருப்பதுதான் குற்றம். எத்தனை முதலாளிகளுக்கு இதைச் சொல்லியிருப்பேன்!

அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். “சைக்கிள் எனக்குச் சரிவரல. தப்பான பொருளை வாங்கிட்டேன். விக்கப் போறேன்.” இணையர் எதிர்பார்த்தபடியே, “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார். “சொன்னீங்க. ஸ்கூட்டி வாங்கச் சொன்னீங்க. ஸ்கூட்டிய ரயில்ல ஏத்த முடியாது. அதனால நீங்க சொன்னதும் தப்புதான்” என்றேன். மகன் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். அத்தை ரசம் கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஓராண்டுக்கு மேல் பயந்தது இதற்குத்தான்.

வாங்க வந்தவள் அண்ணா நகர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவி. அவள் ஏறுகிற மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது, கல்லூரிவரை சாலை பரவாயில்லை என்றாள். கீல் ஆட்டம், டயர் அளவு, துப்பட்டா எல்லாவற்றையும் சொன்னேன். “வாங்குறதுக்கு முன்னாடி இதைத் தூக்கிட்டு எங்க மாடிப்படி ரெண்டு ஏறி இறங்கிப் பாரும்மா. உன் புத்தகப் பையையும் மாட்டிக்கோ” என்றேன். ஏறி இறங்கினாள். மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கீல் மாத்துற செலவைக் குறைச்சுக்குங்க ஆன்ட்டி” என்றாள். இருபத்து நான்காயிரத்துக்கு எடுத்துக்கொண்டாள். நான் கடையில் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள் என்பதில் எனக்குத் திருப்தி.

அதிலிருந்து மூவாயிரத்து இருநூறு ரூபாய்க்குச் செயின் கவரும் கேரியரும் முன்கூடையும் உள்ள பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கினேன். அது நுங்கம்பாக்கத்தில், ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டிலேயே மாதக் கட்டணத்தில் நிற்கிறது. காலையில் எடுத்து அலுவலகம் போவேன். மாலையில் கொண்டுவந்து விடுவேன். எங்கும் தூக்க வேண்டாம். குரோம்பேட்டைப் பக்கத்தில் ஒன்றரை கிலோமீட்டரை நடக்கிறேன். மழையென்றால் ஷேர் ஆட்டோதான். ஊக்கு இன்னும் கைப்பையில் இருக்கிறது. பின்னால் பைக்கில் ஒருவன் வருவதற்குச் சைக்கிள் தீர்வல்ல. அந்தத் தெருவுக்கு விளக்கு வேண்டும், பேருந்து வேண்டும். அவற்றை நான் சீட்டுப் பணத்தில் வாங்க முடியாது. அதற்கு எங்கள் பெட்டியிலிருந்து எழுபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டவர்களில் முருங்கைக்காய்க் கூடை அக்காவும் ஒருவர். இப்போது அவர் ஏறும்போது யாராவது கூடையைப் பிடித்து உள்ளே இழுக்கிறோம்.

எங்கள் வீட்டு வரவு செலவு நோட்டு என் கையெழுத்தில்தான் இருக்கும். சைக்கிள் விற்ற அன்று அதில் எழுதினேன்: ‘மடிப்பு சைக்கிள், நட்டம் 36,000’. அதற்குக் கீழே ‘டிரெட்மில்’ என்று எழுதி, தொகைக்கு இடம் விட்டு வைத்தேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பால் கணக்கு எழுதத் திறந்தபோது, அந்த இடத்தில் இணையர் கையெழுத்தில் 42,000 என்று இருந்தது. அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு வரிகளையும் விரல் வைத்துப் படித்தார். “நிலத்துக்குக் குடுத்ததையும் எழுதச் சொல்லு” என்றார்.